காதுக்குள் ஒரு சில்வண்டு

சென்ற தை மாதம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். நெருங்கிய உறவு, ஆகையால் முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, மறுநாள் கட்டுச்சாதம் வரையில் இருந்தே தீரவேண்டிய கலியாணம். வரவேற்பு மண்டபத்தில் எனக்குக் கிடைத்த இடம் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரில். பெட்டி என்றால் சாமானியமானதல்ல. எங்கள் வீட்டுப் பீரோவைவிட ஒரு முழம் உயரம். அதிலிருந்து வந்தது சங்கீதமா, இடிமுழக்கமா என்று நான் தீர்மானிப்பதற்குள் மூன்று மணி நேரம் கழிந்துவிட்டது. நடுவில் என் மைத்துனர் குனிந்து ஏதோ கேட்டார். நானும் மரியாதைக்கு, "ஆயிற்று, ஆயிற்று" என்று தலையை ஆட்டி வைத்தேன். அவர் கேட்டது, "சாப்பாடு ஆயிற்றா?" என்பதாம். அன்றைக்குக் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகுதான் எனக்கு அது தெரிய வந்தது.

பசியோடு வந்து படுத்தவனுக்குத் தூக்கம் வருமா? விளக்கை அணைத்தேன். அணைத்ததும் அறைக்குள் ஒரு சில்வண்டு கத்த ஆரம்பித்தது. மெல்லிய, நீண்ட, இடைவிடாத கீச்சுக் குரல். எழுந்து விளக்கைப் போட்டேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்; ஜன்னல் கதவுகளுக்குப் பின்னால் பார்த்தேன்; பெட்டிகளை நகர்த்திப் பார்த்தேன்.

"நடு ராத்திரியில் என்னத்தைத் தேடுகிறீர்கள்?" என்றாள் என் மனைவி.

"சில்வண்டை."

"எங்கே? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே!"

சந்தேகம் தட்டியது. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். வெளியே இருக்கும் வண்டானால் குரல் அடங்க வேண்டும் அல்லவா? அடங்கவில்லை, முன்னைவிட உரக்கக் கத்தியது. வண்டு குடியேறியிருப்பது அறையில் அல்ல, என் காதுக்குள் என்று அப்போதுதான் விளங்கிற்று.

இந்தப் பக்கத்தில் வாரந்தோறும் எழுதுவதற்கு விஷயத்தை நான்தான் தேடிக்கொண்டு போவது வழக்கம். இந்த வாரம் விஷயம் தானாகவே வந்து காதுக்குள் உட்கார்ந்துகொண்டது.

நான்காம் நாள் காது வைத்தியரிடம் போனேன். அவர் என்னை ஒரு சிறிய அறைக்குள் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினால் வெளி உலகம் இருப்பதே மறந்துபோகும்படியான அறை. இரு காதுகளுக்கும் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். காதில் "கீங்" என்று கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். கட்டைக் குரலிலிருந்து கீச்சுக் குரல் வரையில் ஒவ்வொரு சுருதியிலும் நமக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி எது என்று இதன் மூலம் கண்டுபிடித்துக் கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்துக்கு ஆடியோகிராம் என்று பெயர். என்னுடைய கோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "உங்கள் வயதுக்குப் பிரமாதமான காது. ஒரு குறையும் இல்லை" என்றார்.

குறை ஒன்றும் இல்லையென்றால், இராப்பகலாகப் பாடிக்கொண்டிருப்பது யார்? இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் கால் மணி நேரம் பேசினார். மீதியை நான் புத்தகங்களில் தேடிப் படித்தேன்.

முதலில் ஓர் ஆறுதலான சங்கதி. 1953-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் யாதொரு கோளாறும் இல்லாத 80 பேரை ஒலி நுழைய முடியாத அறைக்குள் ஒவ்வொருவராக உட்கார வைத்து, "என்ன கேட்கிறது?" என்று விசாரித்தார்கள். நூற்றுக்கு 94 பேர் வீதம் ஏதோ ஒரு சப்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ரீங்காரம் என்றார் ஒருவர். இரைச்சல் என்றார் மற்றொருவர். ஆகவே பரிபூரண நிசப்தம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சொல்லளவில்தான். எல்லோருடைய தலைக்குள்ளும் ஏதோ ஒரு சில்வண்டு இருக்கிறது. அன்றாட உலகத்தின் ஓசைகள் அதை மூடி வைத்திருக்கின்றன. சிலருக்கு மாத்திரம் அந்த மூடியையும் தள்ளிக்கொண்டு அது வெளியே வந்துவிடுகிறது. பல தேசத்து ஆராய்ச்சிகளையும் ஒன்று சேர்த்து 2022-ல் போட்ட கணக்கின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குக் காதிரைச்சல் உண்டு. சுமார் 2 பேருக்கு அது தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் கடும் தொல்லை.

இனிக் காதின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். செவிப்பறை, அதன் பின்னால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று சிறு எலும்புகள், இவற்றைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே எல்லோரும் படித்திருப்பீர்கள். அவற்றுக்கும் அப்பால், நத்தை ஓட்டைப் போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் எலும்புக் குழல் இருக்கிறது. முழுவதும் ஒரு பட்டாணியளவுதான். திரவம் நிறைந்த அந்தக் குழலுக்குள் நெடுகிலும் ஒரு மெல்லிய சவ்வு. ஒலி வந்து தாக்கினால் அந்தச் சவ்வில் ஓர் அலை ஓடுகிறது. கீச்சுக் குரல் வாசற்பக்கத்திலேயே அலையை உச்சத்துக்கு எழுப்பிவிடுகிறது. கட்டைக் குரல் உள்ளே நெடுந்தூரம் போய்ச் சுருளின் நுனியில் எழுப்புகிறது. இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ஹங்கேரி தேசத்தவரான பேக்கெஷி. புடாபெஸ்ட் நகரத் தபால் இலாகாவின் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் அவர் உத்தியோகம் பார்த்தார். டெலிபோனைச் செப்பனிட வேண்டுமானால் அதன் மறுமுனையில் இருக்கும் காது எப்படி வேலை செய்கிறதென்று தெரிய வேண்டாமா என்று ஆரம்பித்தவர், இறந்தவர்களின் காதுகளை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். 1961-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

சவ்வின் மேல் வரிசை வரிசையாக நிற்பவை மயிரணுக்கள். நுனியில் ரோமம் போன்ற துளிர்கள் இருப்பதால் அந்தப் பெயர். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கலாம். அவற்றில் மூன்று வரிசையில் நிற்கும் ஏறக்குறைய 12,000 அணுக்கள் மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் உதவியாளர்கள். ஒற்றை வரிசையில் நிற்கும் மற்ற 3,500 அணுக்கள்தான் செய்தியை நரம்புக்குக் கொடுத்து மூளைக்கு அனுப்புகிறவை. உலகத்துச் சங்கீதமெல்லாம், தாயாரின் குரலெல்லாம், இந்த மூவாயிரத்துச் சொச்சம் அணுக்கள் வழியாகத்தான் நமக்குள் வர வேண்டியிருக்கிறது. தலைமயிரோ நகமோ போனால் மறுபடி முளைக்கும். இவை பிறக்கும்போது கிடைத்ததோடு சரி. கோழிக்குஞ்சுக்குக்கூட அழிந்த மயிரணு மறுபடி முளைக்கிறது என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பேரோசையால் இவை அழியும் என்பதை அளந்து காட்டியவர்களில் கிளாஸ்கோ நகரத்துக் காது வைத்தியர் தாமஸ் பார் முக்கியமானவர். 1886-ஆம் வருஷத்து விஷயம். கப்பல்களுக்குப் பாய்லர் செய்யும் தொழில் அந்த ஊரில் கொடிகட்டிப் பறந்த காலம். இரும்புத் தகடுகளை ரிவெட் ஆணி வைத்துச் சம்மட்டியால் அடித்து இணைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவன் அடிப்பான். பாய்லரின் வயிற்றுக்குள் இன்னொருவன் உட்கார்ந்து ஆணியின் மறுமுனையை முட்டுக்கொடுத்துத் தாங்குவான். கோயில் மணியின் உள்ளே தலையைக் கொடுத்துக்கொண்டு நாள் முழுவதும் மணியை அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த உள்ளே இருப்பவனின் உத்தியோகம்.

பார் வெகு எளிய முறையில் ஆராய்ச்சி செய்தார். ஒரு கடியாரம், அதை எவ்வளவு தூரத்தில் பிடித்தால் "டிக் டிக்" கேட்கிறது என்று பார்க்க ஓர் அளவுகோல், அவ்வளவுதான் கருவிகள். பாய்லர்த் தொழிலாளிகள் 100 பேர், இரும்பு வார்ப்படத் தொழிலாளிகள் 100 பேர், தபால்காரர்கள் 100 பேர், இவர்களைப் பரீட்சித்தார். தபால்காரர்களில் பெரும்பாலோர் நன்றாகக் கேட்டார்கள். பாய்லர் செய்த நூறு பேரில் பழுதில்லாத காது ஒருவருக்குமே இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுகிறவரின் பேச்சு அவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் தாங்கள் செவிடாகிக்கொண்டு வந்தது எந்த நாளில் என்று அவர்களில் எவர் சொல்ல முடியும்? கண் போனால் உலகம் இருண்டுபோவது தெரிகிறது. காது போகிறபோது, கேளாத ஒலியைக் கேட்கவில்லை என்று அறிவது எப்படி?

பார் கண்டது செத்துப்போன அணுக்களின் கதை. ஆடியோகிராமில் கோடு இறங்கிக் காட்டிக்கொடுக்கிற நஷ்டம் அது. என் கோடுதான் இறங்கவே இல்லையே! அதற்கு விடை கிடைக்க 2009 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பாஸ்டன் நகரத்தில் ஷாரன் குஜாவா என்ற பெண்மணியும் சார்லஸ் லிபர்மன் என்பவரும் சுண்டெலிகளை 100 டெசிபெல் ஓசையில் இரண்டே மணி நேரம் வைத்தார்கள். எலிகளுக்குக் காது மங்கிற்று. ஆனால் இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயிரணுக்களை எண்ணினார்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. மற்றவர்களாயிருந்தால், "தற்காலிகமான மந்தம், குணமாகிவிட்டது" என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தும் வந்தார்கள். இவர்கள் மயிரணுவும் நரம்பும் சந்திக்கும் இடத்தைச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். கீச்சுச் சுருதியைக் கேட்கும் பகுதியில், அந்தச் சந்திப்புகளில் ஏறக்குறைய பாதி அறுந்துபோயிருந்தன. அறுந்தது முதல் நாளிலேயே. அறுந்த நரம்புகளோ உடனே சாகாமல், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மடிந்தன.

ஒரு கிராமத்துக்கு இருபது டெலிபோன் கம்பிகள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தை யாரோ அறுத்துவிட்டார்கள். "ஊருக்கு டெலிபோன் போகிறதா?" என்று ஒரே ஒரு மணியை அடித்துப் பார்த்தால், போகிறது என்றுதான் பதில் வரும். எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பிக்கும்போதல்லவா குட்டு வெளிப்படும்! நிசப்தமான அறையில் ஒற்றை மெல்லொலியைக் கேட்கச் சில நரம்புகள் இருந்தால் போதும். கலியாண மண்டபத்திலும், கடைத்தெருவிலும், ரெயில்வே ஸ்டேஷனிலும் பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்து எடுக்கத்தான் நிறைய நரம்புகள் வேண்டும். ஆகவே டாக்டருடைய அறையில் ஆடியோகிராம் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் சொல்லிற்று.

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அதே அளவில் நடக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. ஆனால் இறந்தபின் பரிசோதித்த மனிதக் காதுகளில், வயது ஏற ஏற மயிரணுக்களுக்கு முன்னதாகவே நரம்புகள் அறுந்துபோகின்றன என்பதைப் பாஸ்டன் ஆராய்ச்சிச் சாலையிலேயே கண்டிருக்கிறார்கள்.

இப்போது சில்வண்டுக்கு வருவோம். 2011-ல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ரோலந்து ஷெட், டேவிட் மக்கால்பைன் என்ற இருவர், ஆடியோகிராம் சரியாக இருந்தும் காதிரைச்சலால் அவதிப்பட்ட 15 பெண்களைப் பரிசோதித்தார்கள். ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் அப்பால் மூளையின் தண்டிலும் எழும் மின்சார அலைகளைத் தலையில் வைத்த தகடுகளால் அளக்கலாம். இந்தப் பெண்களுக்கு, நரம்பிலிருந்து கிளம்பும் அலை மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சிறியதாயிருந்தது. ஆனால் அதே அலை மூளைத் தண்டில் சற்று மேலே போய்ச் சேர்ந்தபோது குறைவே இல்லாமல் மற்றவர்களுடையதைப் போல் ஆகியிருந்தது! போகிற வழியில் யாரோ அதைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். யார்? மூளைதான்.

பழைய ரேடியோப் பெட்டியை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூரத்து நிலையம் மங்கலாகக் கேட்கும்போது குமிழைத் திருப்பி ஒலியைக் கூட்டுவோம். பாட்டுக் கொஞ்சம் கூடும். கூடவே "உஸ்" என்ற இரைச்சலும் கூடும். அந்த இரைச்சலை எந்த நிலையமும் அனுப்பவில்லை; பெட்டிக்குள்ளிருந்தே வருவது. காதிலிருந்து வரும் செய்தி குறைந்துவிட்டதென்று கண்டதும் மூளை குமிழைத் திருப்புகிறது. நரம்புகள் சும்மா இருக்கும்போதும் அவற்றில் ஓடும் சிறு சலசலப்பு அப்போது குரலாகக் கேட்கிறது. செவி நரம்பையே அறுத்து எடுத்துவிட்ட சில நோயாளிகளுக்கும் இரைச்சல் நின்றபாடில்லை என்பது வைத்தியர்களுக்கு வெகு நாளாகத் தெரியும். காலை வெட்டி எடுத்த பிறகும் அந்தக் காலில் அரிப்பதாகச் சிலர் சொல்வதில்லையா? அந்த ஜாதிதான்.

ஷெட் இதோடு விடவில்லை. மறு வருஷம் நல்ல காதுள்ள 18 பேரைப் பிடித்து, ஒரு காதில் மாத்திரம் அடைப்பானைச் செருகி ஏழு நாள் அப்படியே இருக்கச் சொன்னார். அவர்களில் 14 பேருக்கு, இல்லாத சப்தம் கேட்க ஆரம்பித்தது. அடைப்பானை எடுத்ததும் சப்தமும் போய்விட்டது. ஒரு வார காலம் வாசற் கதவைச் சாத்தி வைத்தால், உள்ளே இருப்பவர் தாமாகவே பேச ஆரம்பித்துவிடுகிறார்! இதைப் படித்தபோது என் சில்வண்டின் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி தணிந்தது. அது என்னைத் துன்புறுத்த வந்த எதிரி அல்ல. போய்விட்ட எதையோ ஈடுசெய்ய என் மூளை படும் பாடு.

ஐரோப்பாவில் இந்தச் சப்தத்தைச் சங்கீதமாக எழுதியே வைத்துவிட்டார் ஒருவர். பொஹீமியா தேசத்து சங்கீத வித்துவான் ஸ்மெதனா 1874-ல், தம்முடைய ஐம்பதாவது வயதில், சில மாதங்களுக்குள் முற்றிலும் செவிடானார். 1876-ல் தமது சொந்த வாழ்க்கையைப் பற்றி நான்கு தந்தி வாத்தியங்களுக்காக ஓர் உருப்படி இயற்றினார். அதன் கடைசிப் பகுதி கும்மாளமாக நாட்டு நடனம்போல் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எல்லாம் நின்றுவிடும். மற்ற வாத்தியங்கள் அடியில் நடுநடுங்க, முதல் வயலின் உச்சஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். தம்முடைய காதில் கேட்ட விதியின் குரல் அது என்று அவரே தெரிவித்திருக்கிறார். அவருடைய மிகப் பெயர்போன கீதமான, வல்தவா நதியைப் பற்றியது, செவிடான சில வாரங்களுக்குள் எழுதியதே. அதை அவர் காதால் கேட்கவே இல்லை.

இதற்கு மருந்து என்ன என்று கேட்பீர்கள். இரைச்சலை அழித்துவிடும் மாத்திரையோ, சொட்டு மருந்தோ இன்றைய தேதியில் கிடையாது. பத்திரிகைகளிலும் செல்போனிலும் விளம்பரமாகிற தைலங்களைக் காதில் விட்டுக் காதைப் புண்ணாக்கிக்கொள்ளாதிருந்தால் அதுவே பெரிது. ஆனால் செய்யக்கூடியவை உண்டு. காது மந்தமும் சேர்ந்திருப்பவர்கள் கேட்கும் கருவி மாட்டிக்கொண்டால், குறைந்த செய்தி மறுபடி வந்து சேர்வதால், அநேகருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. இரைச்சலைக் கண்டு மனம் பதறும் பழக்கத்தை மாற்றும் மனப் பயிற்சி, இரைச்சலைக் குறைக்காவிட்டாலும் அது தரும் துன்பத்தைக் குறைக்கிறது என்று பல பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆஸ்பிரின் அதிக அளவில் சாப்பிட்டாலும் காது இரையும். நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். காதில் வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் இரையும்.

ஒன்றைமட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்திருக்கும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லையானால், "சளியாயிருக்கும், இரண்டு வாரம் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. அன்றைக்கோ மறுநாளோ காது வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு வைத்தியம் உண்டு. நாள் கடந்தால் பலிப்பது அரிது. நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சலையும், ஒரே காதில் நிலைத்துவிட்ட இரைச்சலையும் அலட்சியம் செய்யாமல் காட்டிவிட வேண்டும்.

வரும் முன் காப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 80 டெசிபெல் ஓசையை வாரத்தில் 40 மணி நேரம் வரையில் கேட்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 90 டெசிபெல்லில் 4 மணி நேரம். 100 டெசிபெல்லில் வாரம் முழுவதற்கும் ஏறக்குறைய 20 நிமிஷம்! நம்முடைய பையன்களும் பெண்களும் காதில் செருகிக்கொண்டு திரியும் சிறு கருவிகளை முழுவதும் திருப்பிவிட்டால் அந்த அளவை எட்டிவிடலாம். அந்தப் பீரோவுக்கு எதிரில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை வாரத்துப் பங்கை ஒரே மாலையில் செலவழித்தேன் என்று நேயர்கள்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வீடு இருக்கும் இன்னொரு சங்கதியும் இதில் சேர்ந்தது. "பாட்டிக்குத் தனக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்" என்று சிரிக்காத குடும்பம் உண்டா? வயதானால் முதலில் போவது சுருளின் வாசலில் இருக்கும் கீச்சுச் சுருதி அணுக்கள். "ஆ", "ஓ" என்ற உயிரொலிகளுக்குக் கட்டைச் சுருதியே போதும், அவை கேட்டுவிடும். "ப", "த", "க" என்று மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுட்பமான வெடிப்போ உயர்ந்த சுருதியில் இருக்கிறது. ஆகவே "தட்டை எடு" என்றால் பாட்டிக்குப் "பட்டை"யா, "கட்டை"யா என்று தெரியாது. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. நாம் உடனே கத்துகிறோம். கத்தும்போது உரக்கப்போவது உயிரொலிதான். மெய் மேலும் அமுங்கிப்போகிறது. பாட்டி, "ஏன் கத்துகிறாய்? எனக்கென்ன காது செவிடா?" என்கிறாள். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாம் தடவை அவள் பேச்சில் கலந்துகொள்வதையே விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறாள். முகத்துக்கு எதிரே நின்று, வாயசைவு தெரிய, நிதானமாகச் சொன்னால் பாதிக் கஷ்டம் தீரும்.

மூலையில் உட்கார்ந்தவருக்குப் புத்தியும் மங்குகிறது என்று பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று வருஷம் பரீட்சை செய்து 2023-ல் வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கேட்கும் கருவியால் ஞாபகசக்தி முதலியவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி நோய் வரும் அபாயம் அதிகமாயிருந்த பிரிவினரை மாத்திரம் எடுத்துப் பார்த்தபோது, மூளைத் தளர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வெட்கப்படாத நாம், காதுக்குக் கருவி மாட்டிக்கொள்ள வெட்கப்படுவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நம்பிக்கைக்கு இடம் அதிகம். 1978-ல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர், நல்ல காது தானே மிக மெல்லிய ஓசையை வெளியிடுகிறது என்று கண்டுபிடித்தார். ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் அந்தப் பன்னீராயிரம் உதவியாளர்கள் வேலை செய்யும் ஓசை அது. அதைக் கொண்டு, பிறந்து இரண்டே நாளான குழந்தையின் காதையும், அது தூங்கும்போதே பரீட்சித்துவிடலாம். பிறவியிலேயே, மயிரணு உயிரோடிருந்தும் நரம்புக்குச் செய்தியைக் கொடுக்கத் தெரியாத ஒருவகைச் செவிடு உண்டு. அதற்குக் காரணமான ஒற்றைப் பரம்பரை அம்சத்தைச் செப்பனிட்டு, ஷாங்காய் நகரத்தில் ஆறு குழந்தைகளுக்கு வைத்தியம் செய்ததில் ஐவருக்குக் காது கேட்க ஆரம்பித்தது என்று 2024-ல் செய்தி வந்தது.

அதைப் படித்த அன்று எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது. சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன்.

நான் உபாத்தியாயராகச் சேர்ந்த புதிதில், இருபது வருஷத்துக்கு முன்பு, ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டு முடிப்பான். வாயால் சொன்ன கணக்குக்குத் திருதிருவென்று விழிப்பான். கேள்வி கேட்டால் பக்கத்துப் பையன் முகத்தைப் பார்ப்பான். "மந்தம்" என்று அவனுக்கு நான் பெயர் வைத்தேன். வகுப்பு முழுவதும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. காதுக்கும் மந்தம் என்கிறோம், புத்திக்கும் மந்தம் என்கிறோம்; ஒரே வார்த்தை. தமிழ் வாத்தியாரல்லாத எனக்குக்கூட அது தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை. சொன்னதைக் கவனிக்கவில்லை என்பதற்காக ஒரு நாள் அவனுடைய காதைப் பிடித்துத் திருகினேன். அவன் அலறிய அலறல், திருகலுக்கு வேண்டியதைவிட அதிகமாயிருந்தது. விரலில் ஈரம்.

இரண்டு காதிலும் நெடுநாளாகச் சீழ். செவிப்பறையின் பின்னால் நீர் கட்டினாலும், பறையில் துவாரம் விழுந்தாலும், தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு பாடம் கேட்பதுபோல்தான் இருக்கும். எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் கேட்கிறது என்று அவன் எண்ணியிருந்தான். வைத்தியம் நடந்தது, முதல் பெஞ்சுக்கு மாற்றினேன், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் என் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். வருஷக் கடைசியில் கணக்கில் அவன் வகுப்பில் இரண்டாவது. பெயர் மட்டும் மாறவில்லை. நான் எவ்வளவோ கண்டித்தும், பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும் வரையில் பையன்கள் அவனை அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு வருஷமும் ஆனி மாதத்தில் முதல் வாரத்துக்குள் ஒரு காரியம் செய்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் இரண்டு முழம் தள்ளி நின்று, வாய் தெரியாமல், மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். செலவு ஒரு மணி நேரம். கருவி ஒன்றும் வேண்டாம். சந்தேகப்படும் பிள்ளைகளை வைத்தியரிடம் அனுப்பும்படி பெற்றோருக்குக் கடிதம் போகிறது. சென்ற வருஷம் மூன்று பேர். இருவருக்கு வெறும் அழுக்கு. மூன்றாவது பெண்ணுக்கு ஒரு காது பிறவியிலேயே கேட்காது. பதினோரு வருஷமாக வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை, விளையாட்டு என்று நினைத்திருந்தார்களாம்.

என் சில்வண்டு இன்னும் இருக்கிறது. பகலில் வகுப்புச் சத்தத்தில் அதை மறந்துவிடுகிறேன். இரவில் மின்சார விசிறியை ஓடவிட்டுக்கொண்டு படுக்கிறேன். விசிறியின் ஓசைக்குள் அது எங்கேயோ அமுங்கிப் போகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கலியாணப் பத்திரிகை வந்திருக்கிறது. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதற்கு முன்னால், மைக் செட் உண்டா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள்.